பெருங்காயம் இல்லாத ரசம்

திருச்சுழிப் பக்கத்திலிருந்து அருப்புக்கோட்டைக்கு மருமகளாக வந்தபோது நான் வெளிறிப்போய், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவளாக இருந்தேன். என்னைத் தேற்றியே தீருவதென்று மாமியார் கங்கணம் கட்டிக்கொண்டார். ரேஷனில் கோதுமை வந்தால் போதும், சப்பாத்தியும் ரவைக் கஞ்சியுமாகத் திணிப்பார். வயிற்றுப்போக்குதான் மிச்சம்.

கடைசியில் மதுரை டாக்டர் ஒருவர், கோதுமை என் குடலுக்கு ஆகாது என்றார். அந்த நோய்க்கு சீலியாக் என்று பெயராம். குடல் புண்ணாகிக் கிடப்பதால் இரும்புச்சத்து உடம்பில் சேரவில்லை. கோதுமையை அறவே விட்டு, ரத்தம் ஊறிய பிறகே பிள்ளை என்றார். எனக்குப் பிள்ளை ஆசை கொஞ்சநஞ்சமல்ல. பஸ் காரியாபட்டி தாண்டும்வரை அழுதேன்.

"இதுக்குப் போயி அழுவாகளா? நம்ம ஊருல கம்புக்கும் குதிரைவாலிக்குமா பஞ்சம்?" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார்.

அன்றிலிருந்து கம்பங்கூழ், எலுமிச்சை பிழிந்த முருங்கைக்கீரை, எள்ளும் கருப்பட்டியும் இடித்த உருண்டை, ஞாயிற்றுக்கிழமை சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரல். சாப்பாட்டோடு டீ கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் மறந்தாலும் மாமியார் தம்ளரைப் பிடுங்கிவிடுவார். கீரை வாயு என்று பெருங்காயத்தைத் தாராளமாகக் கரைத்து ஊற்றுவார். ரத்தம் மட்டும் ஊறுவதாக இல்லை.

ஒருநாள் பெருங்காயத்தில் வாசனையே இல்லை என்று கடைக்குச் சண்டைக்குப் போனார். அங்கேயே கட்டி பிடித்து விற்கிற கடை. நான் வெட்கத்தோடு பின்னால் நின்றேன்.

"மைதா சேக்காம எப்படித்தா கட்டி பிடிக்கும்? எல்லாருஞ் சேக்குறதுதான்" என்றார் கடைக்காரர்.

மைதாவும் கோதுமைதானே. மாமியார் சண்டையை அப்படியே விட்டுவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். வீட்டுக்கு வந்ததும் டப்பாவைச் சாக்கடையில் கவிழ்த்தார். "என் கையாலயே ஊத்திருக்கேனே" என்று முனகினார்.

எனக்கு மட்டும் தனியாகச் சமைத்தால் போதுமே என்றேன். "கை மறந்து போட்ருவேன்த்தா" என்று வீட்டில் யாருக்குமே பெருங்காயம் இல்லையென்று ஆக்கிவிட்டார். விசேஷ வீடுகளிலும் எனக்குத் துணையாக வெறும் தயிர்ச்சோறு சாப்பிட்டு எழுந்துவிடுவார்.

மெல்ல மெல்ல என் நகக்கண் சிவந்தது. மகள் பிறந்தாள்.

அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு பாலவனத்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் தம்ளரில் வாங்கிய ரசத்தை வாயருகே கொண்டுபோனவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பத்தா, ரசம் கெட்டுப்போச்சு. என்னமோ நாறுது."

மாமியார் வாங்கி மோந்து பார்த்தார். "கெடலடி. அது பெருங்காயம்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாமியார் சிரிக்கவில்லை. வீணாகப் போகக் கூடாதென்று சொல்லிக்கொண்டு, கண்ணை மூடி, சொட்டு விடாமல் உறிஞ்சிக் குடித்தார். அத்தனை வருஷமும் அவர் அதற்கு ஏங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.