நொண்டிக் கிழவி வேடம்

பாகலூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள். வெறுமனே வாசித்துக் காட்டினால் அவர்களுக்குப் பாடம் ஏறாது. அதனால் கதைகளை நடிக்கவைப்பேன். வசனம் வாயில் புரண்டால் மொழி தானாக வரும் என்று நம்பினேன். வரவும் செய்தது.

ஒரு வருடம் ஆண்டு விழா நாடகத்துக்கு நான் எடுத்த பள்ளி நூலகத்துச் சிறுவர் கதை ஒன்றில் பிள்ளை பிடிக்கும் கிழவி ஒருத்தி வருவாள். அவளுக்குக் கதை கொடுத்திருந்த ஒரே அடையாளம் நொண்டும் கால். அவள் தெருவில் தலைகாட்டியதும் ஊரார், "நொண்டி வருகிறாள், கதவைச் சாத்துங்கள்!" என்று கூவ வேண்டும்.

ஆறாம் வகுப்பில் ஒரு பெண்ணுக்குப் பிறவியிலேயே இடக்கால் வளைந்திருந்தது. வகுப்பில் எல்லோரையும்விடத் தமிழ் நன்றாக வாசிப்பாள். நாடகத்தில் கதை சொல்பவளாக நிற்கட்டுமா என்று கேட்டாள்.

"நீ கெழவியா வாம்மா. நடிக்கவே வேணாம், நடந்தாலே போதும்" என்றேன்.

வகுப்பு சிரித்தது. வேடப் பொருத்தம் சரியாக அமைந்ததென்று எனக்குத் திருப்தி.

மறுவாரத்திலிருந்து அவள் வராந்தாவில் வருவதைக் கண்டாலே, "டேய், வர்றாடா, சாத்துடா!" என்று ஒருவன் ஓடிப்போய் வகுப்புக் கதவை மூடுவான். மற்றவர்கள் கதையின் வசனத்தைச் சேர்ந்து கூவுவார்கள். அதுவரை ஒரு வாக்கியம் முழுதாகப் பேசாத பிள்ளைகள்கூட அதைத் திருத்தமாகச் சொன்னார்கள். நான் உச்சரிப்பைத்தான் கவனித்தேன்.

அவள் பள்ளிக்கு வருவதை நிறுத்தினாள். வீடு தேடிப் போனேன். ரோஜாப் பண்ணையில் வேலை செய்யும் அவள் அம்மா வாசலிலேயே நின்று பேசினாள்.

"படிக்கணும்னு அதுக்கு ஆசைதான் சார். கதவு தொறந்திருந்தா வரும்."

உள்ளேயிருந்து அந்தப் பெண் கேட்டாள்: "அந்தக் கதைய நிறுத்திடுவீங்களா சார்?"

"வெறும் கதைதானே கண்ணு. பசங்க வெளையாட்டுக்குச் சொல்றானுங்க. ஆண்டு விழாவுக்கு எல்லாம் தயாராயிடுச்சே" என்றேன்.

அதன் பிறகும் அவள் பள்ளிக்கு வரவில்லை. அம்மாவோடு பண்ணைக்குப் போகிறாள், உட்கார்ந்தே பூக் கட்டும் வேலை என்று பிள்ளைகள் வந்து சொன்னார்கள்.

ஆண்டு விழாவில் நாடகம் நடந்தது. கிழவி வேடத்தில் ஒரு பையன் சேலை கட்டி, இடக்காலை வளைத்து இழுத்துக்கொண்டு வந்தான். அந்த நடையை யாரிடம் பார்த்துப் பழகினான் என்பது அங்கிருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் தெரியும். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முன்வரிசையில் உட்கார்ந்து நானும் தட்டினேன்.