மூடியில் எழுதிய எண்கள்

என் மூத்த மகளுக்கு வேலை செய்யும் இடத்தில் சல்லடை என்று பேர். பத்தொன்பது வருஷமாகக் கல்லை இடித்துச் சலிப்பதுதான் அவள் பிழைப்பு. எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் அவள் வேலை எனக்கு மனப்பாடம். யார் கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

மலை உச்சியிலிருந்து பனி ஆறு மாதிரி இறங்கி வருமாம். வரும்போது பாறைகளைத் தள்ளிக்கொண்டு வந்து, பின்வாங்கும்போது வரப்பு போலப் போட்டுவிட்டுப் போய்விடுமாம். அன்றையிலிருந்து அந்தப் பாறையின் தலையில் வானத்துக் கதிர் விழுகிறது. வெயிலில் நின்றால் தோல் கறுக்கிறதே, அந்த மாதிரி கல்லுக்குள்ளும் ஏதோ சேருகிறது. அதை எண்ணினால், பனி என்றைக்கு விட்டுப் போனது என்று தெரியும். எண்ணுவதற்குப் பெரிய இயந்திரம் இருக்கிறது. அதற்கு முன்னால் கல்லை இடித்து, சலித்து, வாரக்கணக்காக அமிலத்தில் ஊறவைத்து, சர்க்கரை போல வெள்ளை மணலாக்கித் தருகிறவள் என் மகள்.

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு மேலே இருந்த சார், மலை ஏறிக் கல் எடுத்து வருகிறவர், ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாகக் கொண்டுவந்தது ஆறு கல். மலையில் ஓர் ஏரிக்கு மேலே பனி விட்டுப்போன இரண்டு வரப்பு; மேல்வரப்பில் மூன்று, கீழ்வரப்பில் மூன்று. பனி ஒரே தடவையில் பின்வாங்கியதா, நடுவில் திரும்பி வந்ததா என்பதுதான் அவர் ஆயுசு முழுக்கக் கேட்ட கேள்வி. கல் எடுத்து வந்ததற்கு அடுத்த மழையில் இரண்டு வரப்பும் சரிந்து ஏரிக்குள் போய்விட்டன. இனி அங்கே கல் கிடையாது.

ஒவ்வொரு கல்லின் மணலும் தனித்தனிக் குப்பியில் அமிலத்தோடு சுடுநீர்த் தொட்டியில் இருக்கும்; குப்பியின் வயிற்றில் எழுதினால் அந்தச் சூட்டில் மை அழிந்துவிடும். அதனால் அவள் எண்ணை மூடியில் எழுதுவாள். ஒன்றை மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும். அது அவளே வைத்துக்கொண்ட சட்டம். அன்றைக்குச் சுத்த நீர் இயந்திரத்தை மதியம் பழுதுபார்க்க நிறுத்துவதாகச் சொன்னார்கள். அதற்குள் அலசிவிடலாம் என்று ஆறு குப்பியையும் ஒன்றாகத் திறந்து, மூடிகளைத் தட்டில் வரிசையாக வைத்திருக்கிறாள். கையுறை தட்டில் மாட்டி இழுத்தது. ஆறு மூடியும் தரையில். எது எந்தக் குப்பியின் மூடி என்று சொல்ல வழியில்லை.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"என்னடி, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?"

சொன்னாள். நான் விடுவேனா?

"எடை போட்டுப் பாரேன்."

"பாத்துட்டேம்மா. எதுல அமிலம் எவ்வளவு தின்னுச்சுன்னு எப்படித் தெரியும்?"

"சரி, மிஷின்ல குடு. கெழடு ஒரு பக்கம், இளசு ஒரு பக்கம்னு தானா பிரிஞ்சிடும்ல?"

"அப்படி நாமளே பிரிச்சா, சார் என்ன நெனச்சாரோ அதையே கல்லும் சொன்ன மாதிரி ஆயிடும். அதுக்கு மலைக்கு எதுக்கு ஏறணும்? வீட்ல உக்காந்தே எழுதியிருக்கலாமே."

"அப்ப தோணுன மூடியப் போட்டுட்டுச் சும்மா இரு. கல்லா வந்து சாட்சி சொல்லப் போகுது?"

அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள். "என் வேலை என்னன்னு உனக்காவது தெரியும்னு நெனச்சேம்மா" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் போய்ச் சொல்லிவிட்டாள். சார் ஒவ்வொரு குப்பியாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாராம்.

"யாரும் ஒன்னக் கேக்கலியேம்மா."

"நீங்க கேக்குற வரைக்கும் இருந்திருந்தா, அப்புறம் சொல்லியே இருக்க மாட்டேன் சார்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "வரப்பும் போச்சு, என் முட்டியும் போச்சு" என்று சிரிக்கப் பார்த்து, முடியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டாராம். அந்த மாதக் கடைசியில் கேள்வியோடேயே ஓய்வு பெற்றுப் போனார். அவருக்குப் பின்னால் வந்தவர் இவளிடம் ஒரு கல்லும் கொடுப்பதில்லை. இப்போது அங்கேயே கண்ணாடிச் சாமான் கழுவுகிறாள்.

நான் சொன்னபடி கேட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் சொல்வேன். சொல்லி என்ன பயன்? வேலையைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. போன வாரம் சமையலறையில் உட்கார்ந்து, எல்லா டப்பாவிலும் மூடியில் ஒரு தடவை, வயிற்றில் ஒரு தடவை எழுதி வைத்தாள். எனக்கு அதெல்லாம் கோடுதான். உப்பா சர்க்கரையா என்று திறந்து நாக்கில் வைத்துத்தான் பார்க்கிறேன். அந்த ஆறு குப்பியை அப்படிப் பார்த்துச் சொல்ல உலகத்தில் ஒருத்தரும் இல்லை.