தலைப்பு வரியில் அவர் பெயர்

ஒரு பெண்ணின் வேலைக்கு நான் உலை வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டிகாஷன் இறங்கக் காத்திருந்த நேரத்தில், அவர் எழுதிய மின்னஞ்சலுக்கு ஊரே சிரிக்கும்படி ஒரு பதில் எழுதினேன். அவ்வளவுதான் செய்தேன், அது போதுமானதாக இருந்தது. அவர் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அந்தப் பெயரை எழுதி எழுதித்தான் கெடுத்தேன்.

தொண்ணூறுகள் முடியப்போகும் சமயம் அது. நான் பெங்களூரில் அரசுத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெறச் சில ஆண்டுகளே இருந்தன. விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் லினக்ஸ் என்ற மென்பொருள் அப்போதுதான் ஊருக்குள் பேச்சாக ஆரம்பித்திருந்தது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எழுதியிருப்பதைப் பிரித்துப் பார்க்கலாம், திருத்தி மற்றவருக்கும் கொடுக்கலாம் என்பதில் எங்களில் பலருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பெங்களூர் ஆர்வலர்கள் சேர்ந்து ஒரு மடற்குழு வைத்திருந்தோம். ஒருவர் எழுதும் மின்னஞ்சல் எல்லோருக்கும் போகும். தெரிந்தவர் பதில் சொல்வார். எல்லா மடல்களும் ஓர் இணையப் பக்கத்தில் சேமிக்கப்படும், உலகத்தில் யாரும் வந்து படிக்கலாம். அந்தக் குழுவை நிர்வகித்தவன் நான்.

விதிகளையும் நானே எழுதினேன். பதிலை முந்தைய மடலுக்கு மேலே எழுதக் கூடாது, கீழே எழுத வேண்டும். பிறர் எழுதியதில் தேவையான வரியை மட்டும் எடுத்துக்காட்ட வேண்டும். வண்ண எழுத்து, பெரிய எழுத்து ஆகாது. தலைப்பு வரியில் விஷயம் இருக்க வேண்டும், பேச்சு வேறு பக்கம் போனால் தலைப்பையும் மாற்ற வேண்டும். கடைசி விதி, யார் கேட்டாலும் சேமிப்பில் ஓர் எழுத்தைக்கூட நீக்க மாட்டோம் என்பது. அதில் எனக்குப் பெருமை அதிகம்.

இவற்றில் ஒன்றையாவது யாராவது பின்பற்றினால்தானே? வாரம் முழுக்க மேலே பதில் எழுதுவார்கள். ஒரு வரி நன்றி சொல்ல நூறு வரியைத் திருப்பி அனுப்புவார்கள். 'உதவி' என்று மட்டும் தலைப்புப் போட்டு, எதற்கு உதவி என்பதை உள்ளேயும் சொல்லாமல் விடுவார்கள். நான் ஒவ்வொருவருக்கும் விதியை எடுத்துச் சொல்லி, எடுத்துச் சொல்லி, கடைசியில் லினக்ஸைப் பற்றி எழுதுவதையே விட்டு, மடல் எழுதும் முறையைப் பற்றி மட்டும் எழுதுகிறவனாகியிருந்தேன்.

அந்தப் பெண் ஹெப்பகோடியில் ஒரு சிறு தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை பார்த்தார். பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தகட்டிலிருந்து வீட்டுக் கணினியில் லினக்ஸைத் தானே நிறுவியிருந்தார். தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தில் சேர எஸ்.பி. ரோட்டுக் கடையில் வாங்கிய மோடம் அதில் வேலை செய்யவில்லை, இணையத்தில் சேர முடியவில்லை, என்ன செய்வது என்பதுதான் அவர் கேள்வி. தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் 'மிக அவசரம்'. உள்ளே நீல எழுத்து. அடியில் அவருடைய கம்பெனி தானாகவே ஒட்டிவிடும் ரகசியக் காப்பு எச்சரிக்கை, கேள்வியைவிட நீளம். பதில் வரவில்லை என்று அதையே மறுபடியும் அனுப்பினார். பிறகு இன்னொரு முறையும், பழையதற்கு மேலேயே எழுதி.

அந்த வகை மலிவு மோடங்கள் லினக்ஸில் வேலை செய்யாது. பாதி வேலையை விண்டோஸிடம் ஒப்படைத்துவிட்டுத் தயாரான பொருள்கள் அவை. வெளியே வைக்கிற மோடம் ஒன்று வாங்கினால் போதும். இது எனக்குத் தெரியும். ஒரு வரியில் எழுதியிருக்கலாம். அதற்குப் பதிலாக, எங்கள் வழக்கப்படி அவர் மடலைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் கீழும் ஒரு கிண்டல் எழுதினேன். அவருடைய ஆங்கிலத்தையும் விடவில்லை. முடிவில், இவரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள் என்று எழுதி, அவர் முழுப் பெயரையும் போட்டேன்.

குழு கொண்டாடியது. அந்தக் கடைசி வரியை எடுத்துக்காட்டிப் பலர் சிரித்து எழுதினார்கள். ஒருவர் அதைப் பெயரோடு தன் கையொப்பமாகவே வைத்துக்கொண்டார், அவர் அனுப்பிய ஒவ்வொரு மடலின் அடியிலும் அது தொங்கியது. அந்தப் பெண், இனிமேல் சரியாக எழுதுகிறேன் சார், மன்னிக்கவும் என்று ஒரு மடல் அனுப்பினார். அதையும் மேலேதான் எழுதியிருந்தார். அதற்குப் பிறகு அவரைக் காணவில்லை. நான் மறந்துபோனேன்.

சில ஆண்டுகள் கழித்து, ஓய்வு பெற்ற பின், ஓசூர் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நேர்முகத் தேர்வுக்கு உட்கார என்னை அழைத்தார்கள். லினக்ஸ் தெரிந்தவர்களை எடுக்கிறார்கள், கேள்வி கேட்க ஒரு பெரியவர் வேண்டுமாம். ஒரு விண்ணப்பம் மேஜைக்கு வந்தபோது, சேலத்திலிருந்து புதிதாக வந்திருந்த மனிதவள அதிகாரி, தேடுபொறியில் அந்தப் பெயரைப் போட்டு எடுத்த காகிதத்தை என் முன்னால் நகர்த்தினார்.

"சார், இது நீங்க எழுதினதுதானே? செம காமெடி சார்."

என் மடல்தான் முதலில் இருந்தது. அதன் கீழே அந்தக் கையொப்பம், ஒன்றன்கீழ் ஒன்றாக.

அந்தப் பெண் உள்ளே வந்தார். என்னை அறிமுகப்படுத்தியபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னார். ஒன்று தெரியவில்லை, தெரியாது என்றார். பிறகு அந்த அதிகாரி சிரித்துக்கொண்டே காகிதத்தைக் காட்டி, இதைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்தப் பெண் அவருக்குப் பதில் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்.

"அந்த மோடம் ஓடாதுன்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா சார்?"

"தெரியும்" என்றேன்.

"ஒரு வரி சொல்லியிருக்கலாமே சார். எனக்குத்தான் ஏதோ தெரியலைன்னு வாரக்கணக்கா அதையே மாட்டி மாட்டிக் கழட்டிட்டு இருந்தேன்." பிறகு காகிதத்தைப் பார்த்தபடி சொன்னார்: "போன ரெண்டு இடத்துலயும் இதத்தான் எடுத்து வச்சாங்க. மோடம் ஓடலைன்னு ஒரு தடவ கேட்டதுக்கு இன்னும் எத்தன வருஷம் சார் நான் பதில் சொல்லணும்?"

அவர் போன பிறகு, இவரை எடுங்கள், அது என் திமிரில் எழுதியது என்று சொன்னேன். அதிகாரி தலையாட்டினார். "புரியுது சார். ஆனா க்ளையன்ட்டும் தேடிப் பாப்பாங்க. அப்ப நம்ம கம்பெனிக்கும் சேர்த்து அனுதாபம் வரும்." எடுக்கவில்லை.

மறுநாளே மடற்குழுவின் இப்போதைய நிர்வாகிக்குப் போன் செய்தேன். அடுகோடியில் இருந்தார், என் பழைய சகா, தமிழும் கன்னடமும் கலந்துதான் அவருக்குப் பேச வரும். அந்த மடலை எடுத்துவிடச் சொன்னேன்.

"விடுங்க சார், பழசெல்லாம் யார் போய்ப் பாக்கறாங்க?"

"பாக்கறாங்கய்யா. நேத்து என் கண்ணு முன்னாலயே பாத்தாங்க."

"ரூல் போட்டது யாரு, நீங்க. ஒருத்தன் தன் மெயில எடுக்கச் சொல்லிக் கெஞ்சினப்ப, முடியாதுன்னு அவனுக்கு ஒரு பக்கம் பாடம் நடத்தினது யாரு, நீங்க. இப்ப நான் ஏன் மாடோது, ஏன் செய்யணும் சார்?"

அதோடு, ஒரு மடலை உருவினால் அதற்குப் பின்னால் உள்ள எல்லா மடல்களின் எண்ணும் ஒவ்வொன்று குறைந்துவிடும், உலகெங்கும் எங்கள் பக்கத்துக்குக் கொடுத்திருக்கும் இணைப்புகள் எல்லாம் தப்பான மடலுக்குப் போகும் என்றார். உண்மைதான். இந்தச் சேமிப்பு மென்பொருளைத் தேர்ந்தெடுத்தவனும் நானே.

அவர் எடுத்திருந்தாலும் பயனில்லை என்பது பிறகு தெரிந்தது. எங்கள் மடல்களை வெளிநாட்டுத் தளங்கள் சில தாமாகவே நகலெடுத்து வைத்திருந்தன. ஒன்றுக்கு எழுதினேன், அந்த முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. இன்னொன்றிலிருந்து இயந்திரம் பதில் போட்டது. மூன்றாவதில் ஒரு மனிதர் இருந்தார், மரியாதையாக எழுதினார். நீங்கள் எழுதியதை நீக்குகிறேன், ஆனால் அதை எடுத்துக்காட்டி மற்றவர்கள் எழுதியதை அவர்கள் கேட்காமல் எப்படி நீக்குவது என்றார். சிரித்த ஒவ்வொருவரையும் தேடிப் போனேன். ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், ஒருவருக்கு நினைவே இல்லை. கையொப்பக்காரர், அதை எப்போதோ மாற்றிவிட்டேனே சார் என்று வியந்தார். பழைய மடல்களில் அது அப்படியே இருக்கிறது என்பதை அவருக்கு விளங்கவைப்பதற்குள் எனக்கு ரத்தக் கொதிப்பு வந்துவிட்டது.

ஆகவே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்தேன். மடற்குழுவுக்கே எழுதினேன். என் விதிகள் அத்தனையையும் கடைப்பிடித்தேன். தலைப்பு வரியில் விஷயம் இருக்க வேண்டுமே, அவர் முழுப் பெயரையும் போட்டு, 'இவரிடம் மன்னிப்பு' என்று எழுதினேன். எதற்கு மன்னிப்பு என்று தெரிய வேண்டுமே, என் பழைய வரியை மேலே எடுத்துக்காட்டி, அதன் கீழே அது தவறு, அவர் கேட்டது நியாயமான கேள்வி என்று விளக்கினேன். அனுப்பிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நான் நினைத்தது அவர் படிப்பார் என்று. படித்தது தேடுபொறி. சில நாள்களில் அவர் பெயரைப் போட்டால் என் மன்னிப்பு முதலில் வந்தது, அதில் முதல் வரியாக அந்த அனுதாபம்.

அதோடு நிற்கவில்லை. மன்னிப்பு மடலின் கடைசியில், சேமிப்பைத் திருத்தலாமா என்று நான் கேட்டிருந்ததை ஒருவர் பிடித்துக்கொண்டார். திருத்துவது தணிக்கை என்றார். இன்னொருவர் சுதந்திர மென்பொருளின் தத்துவத்தை ஆதியிலிருந்து ஆரம்பித்தார். மூன்றாமவர், எண் மாறாமல் சேமிக்கும் மென்பொருள் இருக்கிறது, அதற்கு மாறுங்கள் என்றார். அது சரியில்லை என்று நான்காமவர். நிரல் எழுத எந்தக் கருவி சிறந்தது என்று வேறு இருவர் மூலையில் அடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு மடலின் தலையிலும் அந்தப் பெண்ணின் பெயர். மோடம் பற்றியோ அவரைப் பற்றியோ ஒரு சொல் கிடையாது, பெயர் மட்டும் இருந்தது. பேச்சு மாறினால் தலைப்பை மாற்றுங்கள் என்று இவர்களுக்கு எத்தனை வருடம் கத்தியிருக்கிறேன்! பொறுக்க முடியாமல், தயவுசெய்து தலைப்பை மாற்றுங்கள், ஒருவருடைய பிழைப்பு இதில் இருக்கிறது என்று எழுதினேன்.

நிர்வாகி போன் செய்தார். "சார், நீங்களும் அதே சப்ஜெக்ட்லதான் போட்டிருக்கீங்க."

பார்த்தேன். ஆமாம். பதில் பொத்தானை அமுக்கியிருந்தேன்.

ஒரு மத்தியானம் அந்தப் பெண் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். மன்னிப்பு மடலின் அடியில் என் எண் இருந்தது. பின்னால் பஸ் கண்டக்டர் அத்திபெலே, அத்திபெலே என்று கூவுவது கேட்டது.

"மன்னிப்புக் கேட்டதுக்கு நன்றி சார். இனிமே கேக்காதீங்க."

இன்னும் என்னென்ன வழி இருக்கிறது என்று நான் ஆரம்பித்தேன். தளங்களுக்கு வக்கீல் மூலம் எழுதலாம் என்றேன். அவர் குறுக்கிட்டார்.

"வேணாம் சார். நானே பண்ணிட்டேன். அப்பா பேர முழுசா முன்னாடி போட்டு, என் பேர இனிஷியல் ஆக்கிட்டேன். அஃபிடவிட் போட்டாச்சு. சர்டிஃபிகேட்ல ஏன் வேற மாதிரி இருக்குன்னு கேட்டா அதக் காட்டறேன்."

நம் வழக்கத்தில் அப்பாவின் பெயர்தான் ஒற்றை எழுத்தாகும். வேலை கிடைத்ததா என்று மட்டும் கேட்டேன்.

"கெடச்சிருக்கு சார். லினக்ஸ் வேலதான்."

"எந்தக் கம்பெனிம்மா?"

"அத சொல்ல மாட்டேன் சார். தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நல்லது பண்ணணும்னுதான் நெனைப்பீங்க. அதான் பயமா இருக்கு."

சரிம்மா என்றேன். வைத்துவிட்டார். அன்று சாயங்காலம் மடற்குழுவிலிருந்து என் பெயரை எடுத்தேன். விலகுகிறேன் என்று யாருக்கும் எழுதவில்லை. அந்த விவாதம் மேலும் சில வாரங்கள், அதே தலைப்பில், நடந்ததாகக் கேள்விப்பட்டேன்.