கோட்டைத் தாண்டி ஏறிய தண்ணீர்

முதுகில் இன்ஜினைக் கட்டிக்கொண்டு பாராசூட்டில் பறப்பவன் நான். எத்தனால் கலந்த பெட்ரோல் எங்களுக்கு ஆகாது. அது ஈரத்தை இழுத்து, நாளானால் தண்ணீராக அடியில் பிரிந்து நிற்கும். சோதிக்க ஒரு நிமிடம் போதும். அன்று காலை மேகம் விலகிய அவசரத்தில், மழைநாளில் இரண்டு வாரம் கிடந்த கேனை அப்படியே டேங்கில் கவிழ்த்தேன்.

கொல்லிமலை விளிம்பைத் தாண்டும்போது இன்ஜின் திக்கியது. பிறகு நின்றேவிட்டது. கீழே வெறும் பாறை. எப்படியோ பாராசூட்டைத் திருப்பி, மலைமேல் குண்டூர் நாடு என்னும் ஊரில் ஒரு மரவள்ளிக் காட்டில் விழுந்தேன்.

பெட்ரோலில் ஓடும் களை வெட்டும் மெஷினைப் போட்டுவிட்டு ஒரு பெண் ஓடிவந்தார்.

"அடி பட்டுருச்சுங்களா சாமி?"

இல்லை என்று தலையாட்டினேன். டேங்கை முகர்ந்து பார்த்தார்.

"பெட்ரோலப் பாத்துத்தான ஊத்துனீங்க?"

"பார்த்தேன்" என்றேன்.

அவர் கோடு போட்ட தன் பாட்டிலில் கோடுவரை தண்ணீர் விட்டு, என் பெட்ரோலை மேலே ஊற்றிக் குலுக்கி வைத்தார். பெட்ரோலில் இருந்த எத்தனாலும் ஈரமும் இறங்கி, அடியிலிருந்த தண்ணீர் கோட்டைத் தாண்டி விரலளவு ஏறியிருந்தது.

"களை வெட்டறதுக்கே பாக்காம ஊத்தமாட்டனுங்க. இது நின்னா, கீழ வெச்சுட்டு ஊட்டுக்குப் போயிருவேன். நீங்க எங்கீங்க போவீங்க?"

இப்போது சோதிக்காமல் பறப்பதில்லை. இன்ஜின் நின்ற பயம்கூடத் தெளிந்துவிட்டது. உயிர் தப்பிய அடுத்த நிமிடமே கூசாமல் பொய் சொன்னானே எனக்குள் ஒருவன், ஒவ்வொரு முறையும் அவனை நம்பித்தானே மேலே போகிறேன்? அந்தப் பயம் தெளியவில்லை.