எலியேசர் அத்தானின் இருபத்தெட்டு முயற்சிகள்

எங்கள் அத்தான் எலியேசரை நல்லவர் என்று சொல்லாதவர் தாம்பரத்தை ஒட்டிய ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒருவர்கூடக் கிடையாது. எனக்கு அதில்தான் எரிச்சல். நல்லவர்கள் ஒரு காரியத்தைச் செய்தால் அதை யாரும் தடுப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆமாம் போடுகிறோம். நானும் போட்டேன்.

அத்தான் கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பர். இருபத்திரண்டு வருஷமாகத் தாம்பரத்தில் அதே ஏழு ஐம்பது மின்சார ரயில், அதே மூன்றாவது பெட்டி. ஸ்டோரில் ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு டப்பா, ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு சீட்டு. வீட்டிலும் அப்படித்தான். கரண்டு போனால் மெழுகுவத்தி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை, 'மெழுகுவத்தி' என்று எழுதி ஒட்டிய டப்பாவில் இருக்கும். பேச்சு மட்டும் அவருக்கு வராது. காலையில் மூன்று வார்த்தை, மாலையில் மூன்று வார்த்தை. குழந்தை இல்லாத அந்த வீட்டில் பேச்சு முழுவதும் என் அக்கா தபீதாளின் இலாகா. அவள் உயர்நிலைப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி பேசிப் பழகியவள், அடுப்படியிலிருந்து பேசினால் தெருமுனைக் கடைக்காரர் பதில் சொல்வார்.

2005 கடைசியில் அந்தக் குரல் கம்மியது. டீச்சர் தொண்டை என்று எல்லோரும் அலட்சியமாக இருந்தோம். பாலில் மிளகும் மஞ்சளும் போட்டு ஐந்து மாதம் ஓட்டினோம். பிறகு குரல்வளையில் புற்றுநோய் என்று தெரிந்தது. 2006 ஜூன் மாதம் ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். குரலைக் காப்பாற்ற முடிந்தவரை பார்ப்போம் என்றார் டாக்டர். அந்த 'முடிந்தவரை'யைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

போவதற்கு முந்தைய நாள் வீட்டில் குடும்ப ஜெபம். எங்கள் வீடுகளில் மாலை ஏழு மணிக்குப் பாயைப் போட்டு உட்கார்ந்து, ஒரு பாட்டு, கொஞ்சம் வேதவாசிப்பு, பிறகு ஒருவர் வாய்விட்டு ஜெபிப்பது வழக்கம். அந்த வீட்டில் ஜெபிப்பது அக்காதான். ஊரில் இருக்கிற மாமியாரில் தொடங்கி, எதிர்வீட்டுக்காரரின் வேலை, என் மகனின் கணக்குப் பரீட்சை வரை ஒவ்வொருவரையும் பேர் சொல்லி ஜெபிப்பாள். அத்தானின் தம்பி மஸ்கட்டிலிருந்து ஒரு எம்பி3 பிளேயர் அனுப்பியிருந்தார், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அதில் குரலைப் பதிவு செய்யும் வசதி இருந்தது. அத்தான் அதை அக்காவின் முன்னால் வைத்துப் பொத்தானை அமுக்கினார். பதினொரு நிமிஷம் பதிவானது.

அந்த ஜெபத்தின் கடைசி வேண்டுதலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். "ஆண்டவரே, உடம்பில எதை வேணும்னாலும் எடுத்துக்கோங்க, என் சத்தத்தை மட்டும் விட்டுவையுங்க. பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லணும்."

குரல்வளையை முழுசாக எடுத்துவிட்டார்கள். கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை, அதை மறைக்க வெள்ளைத் துணி. அதன்பின் அக்கா சொல்ல நினைத்ததெல்லாம் நோட்டுப் புத்தகத்தில்தான்.

வீடு திரும்பிய முதல் நாள் ஏழு மணிக்கு எல்லோரும் பாயில் உட்கார்ந்தோம். யார் ஜெபிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அத்தான் எழுந்து போய்ப் பிளேயரையும், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய இரண்டு சின்ன ஸ்பீக்கர்களையும் எடுத்துவந்து, அக்கா உட்கார்ந்திருந்த இடத்துக்கு முன்னால் வைத்தார். அக்காவின் குரல் வந்தது. நான் தேம்பி அழுதேன். 'யாருக்கு இப்படித் தோன்றும், அத்தான்' என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆறு மாதம், ஒரு நாள் விடாமல், அந்த வீட்டில் அந்தக் குரல்தான் ஜெபித்தது. அக்கா பக்கத்திலேயே கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். ஏழரை மணிவாக்கில் அந்தக் கடைசி வேண்டுதல் வரும். நாங்கள் எல்லோரும் ஆமென் சொல்வோம். சனி, ஞாயிறில் நான் பல்லாவரத்திலிருந்து போகும்போதெல்லாம் நானும் சொன்னேன். வார்த்தைகள் காதில் விழுந்தன, மண்டையில் ஏறவில்லை.

அத்தானுக்கு ஒரே குறை, பதிவில் இரைச்சல் அதிகம், குரல் சன்னமாக இருந்தது. தாம்பரம் மார்க்கெட் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த சிட்டிபாபுவிடம் கேட்டிருக்கிறார். நாற்பது வயசு ஆள், கம்ப்யூட்டர் என்றால் சோறு தண்ணி வேண்டாம். கம்பெனி போட்டிருக்கிற மென்பொருளை ஓரம் கட்டிவிட்டு, வெளிநாட்டில் நாலு பேர் சேர்ந்து இலவசமாக எழுதிய வேறொன்றைப் பிளேயருக்குள் ஏற்றலாம், அதில் இரைச்சலைக் குறைத்துக் குரலைத் தூக்கலாம் என்று அவர் சொன்னார். 2007 ஜனவரி முதல் சனிக்கிழமை காலை அத்தான் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, பிளேயரைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போனார்.

முதலில் உள்ளே இருப்பதை நகல் எடுக்கப் பார்த்திருக்கிறார்கள். பாட்டுகள் தெரிந்தன, குரல் பதிவு தெரியவில்லை. சில பிளேயரில் அது கம்ப்யூட்டர் கண்ணுக்குத் தெரியாது, உள்ளே பத்திரமாகத்தான் இருக்கும் என்றார் சிட்டிபாபு. புது மென்பொருளை ஏற்றினார்கள். பிளேயரை எழுப்பினால் ஒரு சின்னம் வந்தது, பிறகு திரை வெள்ளையானது. அவ்வளவுதான். பொத்தானை எவ்வளவு அமுக்கினாலும் அதே வெள்ளை.

அத்தான் மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது என்று அக்கா எனக்கு எழுதிக் காட்டினாள். அவர் சொன்னது இவ்வளவுதானாம்: "தபி, உன் சத்தத்தை நான் கெடுத்துட்டேன்."

பிறகு ஆரம்பித்தது அந்த ஐந்து மாதம். ஸ்டோர்கீப்பர் புத்தி எங்கே போகும்? ஒரு நீள நோட்டில் கோடு போட்டார். முயற்சி எண், தேதி, எந்தப் பொத்தானை எவ்வளவு நேரம் அமுக்கியது, என்ன நடந்தது. மூன்றாவது முயற்சி: பேட்டரி முழுக்க இறங்கும்வரை இரண்டு நாள் விட்டது, பலனில்லை. ஏழாவது: பூட்டும் விசையைத் தள்ளிக்கொண்டு நடுப் பொத்தானை அமுக்கியபடி கம்ப்யூட்டரில் செருகியது, உயிர் இருப்பது தெரிந்தது. பழுது பார்ப்பதற்கென்றே உள்ளே ஒளித்து வைத்திருந்த ஒரு சின்ன அறை மட்டும் திரையில் வந்தது. அந்த அறைக்குள் சரியான மென்பொருள் கோப்பு ஒன்றை வைத்தால் பிளேயர் பிழைத்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு முறையும் கோப்பைப் போட்டுவிட்டு எழுப்பினால் மறுபடி வெள்ளை. பன்னிரண்டாவது முயற்சியில் கரண்டு போனது. பதினைந்தாவதில் அத்தான் கிண்டி ரயிலைத் தவறவிட்டார். ஸ்டோரில் முதல் முறையாக ஒரு டப்பாவில் சீட்டு மாறியது, மேனேஜர் கூப்பிட்டு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

சிட்டிபாபு ஒரு நாள் பொறுமை இழந்தார். "சார், இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பேஜார்? உயிரோடதான் கீது, மூஞ்சி காட்ட மாட்டேங்குது. வேற ஒண்ணு வாங்கிக்க சார்."

"என் சம்சாரம் சத்தம் இதுக்குள்ளதான் இருக்கு," என்றாராம் அத்தான். சிட்டிபாபு அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் இன்டர்நெட்டில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிற இடம் ஒன்று இருந்தது. அங்கே எல்லாம் இங்கிலீஷ். அத்தானின் இங்கிலீஷ் டப்பாவில் ஒட்டுகிற சீட்டோடு சரி. அதனால் பக்கம் பக்கமாக அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். அக்கா படித்து, தமிழில் எழுதிக் கொடுப்பாள். கேள்வியை அக்கா இங்கிலீஷில் எழுதுவாள், அதை அத்தான் எழுத்து எழுத்தாகத் தட்டிப் போடுவார். முதல் கேள்வியை அவர் சொல்ல அக்கா எழுதும்போது நான் இருந்தேன். "என் மனைவிக்கு ஆபரேஷனில் குரல் போய்விட்டது. அவள் குரல் இந்தக் கருவியில் மட்டும்தான் இருக்கிறது. தயவுசெய்து உதவுங்கள்." அக்கா ஒரு இடத்திலும் நிறுத்தாமல் எழுதினாள். அழகான கையெழுத்து அவளுக்கு.

ஒரு ஜெர்மன்காரர் விடாமல் பதில் போட்டார். முகம் தெரியாத அந்த மனுஷரை அத்தான் ஜெபத்தில் பேர் சொல்லி ஜெபித்தார். ஆமாம், பிளேயர் படுத்த பிறகு அத்தான்தான் ஜெபித்தாக வேண்டியிருந்தது. ஐம்பது வயசில் முதன்முதலாக அவர் வாய்விட்டுச் செய்த ஜெபம் ஒரு எம்பி3 பிளேயர் பிழைப்பதற்காக. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. அக்கா அந்த நேரத்தில் கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஏப்ரலில் ஜெர்மன்காரரிடமிருந்து நீளமாக ஒரு பதில் வந்தது. அக்கா அதை வழக்கத்தைவிட அதிக நேரம் கையில் வைத்திருந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தைப் படிக்க இங்கிலீஷ் டீச்சருக்கு இவ்வளவு நேரமா என்று கேலிகூடச் செய்தேன். கடைசியில் இப்படி எழுதிக் கொடுத்தாள்: "ஒரு சுலபமான வழி இருக்கிறதாம். அந்தச் சின்ன அறையில் வெற்றுக் கோப்பு ஒன்றை வைத்தால் பிளேயர் தன்னைத் தானே துடைத்துக்கொண்டு புதுசாக எழுந்துவிடும். ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். உங்கள் மனைவியின் குரலுக்காக அதை மட்டும் செய்யாதீர்கள் என்கிறார்." அத்தான் அதைச் சிவப்பு மையால் நோட்டில் எழுதி, இரண்டு கோடு போட்டார்.

மே மாதம் கடைசிச் சனிக்கிழமை, இருபத்தெட்டாவது முயற்சி. ஜெர்மன்காரர் சொல்லி, அன்று ஒயரை மாற்றி, கம்ப்யூட்டருக்கு முன்பக்கம் இருந்த ஆட்டம் கண்ட துளையை விட்டுவிட்டுப் பின்பக்கம் செருகியிருக்கிறார்கள். இதுவரை கோப்பு பாதி வழியில் அறுந்து அறுந்து போயிருக்கிறது, இது இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அன்று முழுசாகப் போய் உட்கார்ந்தது. பிளேயர் விழித்துக்கொண்டது. புதுத் திரை, பட்டியல், எல்லாம் வந்தது. சிட்டிபாபு அங்கேயே போட்டுக் கேட்கலாம் என்றாராம். அத்தான் மறுத்துவிட்டார். ஜெப நேரத்தில் தபி முன்னால்தான் திறக்க வேண்டும் என்று எனக்குப் போன் செய்து வரச் சொன்னார். அவ்வளவு நீளமாக அவர் போனில் பேசி நான் கேட்டதில்லை.

நான் போனபோது பாய் போட்டாகிவிட்டது. ஸ்பீக்கர்கள் துடைத்து வைக்கப்பட்டிருந்தன. அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், முகத்தில் ரத்தமே இல்லை. சந்தோஷப் பதற்றம் என்று நினைத்தேன். அத்தான் பட்டியலில் இறங்கி, குரல் பதிவு என்ற அறையைத் திறந்தார். காலி. மூடித் திறந்தார். காலி. பாட்டுகள் அத்தனையும் அப்படியே இருந்தன, அந்த ஒன்று மட்டும் இல்லை.

அவர் உடைந்துபோகவில்லை. அதைத்தான் பார்க்க முடியவில்லை. அழிந்ததை மீட்கிற மென்பொருள் இருக்கிறது, சிட்டிபாபு சொல்லியிருக்கிறார், ஜெர்மன்காரரிடம் கேட்கலாம் என்று சொல்லிக்கொண்டே நோட்டை எடுத்து இருபத்தொன்பது என்று எண் போட்டார். அக்கா அவர் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். அந்த எண்ணுக்கு நேராக எழுதினாள். நான் தோளுக்கு மேலே எட்டிப் படித்தேன்.

"நான்தான் அழித்தேன். சிட்டிபாபுவிடம் கொண்டுபோன அன்று காலை, நீங்கள் குளிக்கப் போனபோது. சத்தத்தை இன்னும் தூக்கலாக்கிக்கொண்டு வருவீர்கள் என்று பயந்துவிட்டேன். தினமும் அந்த ஜெபத்துக்குப் பக்கத்தில் உட்கார என்னால் முடியவில்லை. வந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். நீங்கள்தான் கெடுத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு வந்து நின்றீர்கள். அப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்ல நினைத்தேன்."

எனக்கு அப்போதுதான் அந்த ஏப்ரல் மாலை விளங்கியது. அந்த வெற்றுக் கோப்பு எல்லாவற்றையும் அழித்துவிடும் என்பதைத் தமிழில் எழுதாமல் விட்டிருந்தால் போதும். பிளேயரே எல்லாவற்றையும் துடைத்திருக்கும், பழி அதன் தலையில் போயிருக்கும், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அவ்வளவு நேரம் காகிதத்தைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தாள் என் அக்கா.

அத்தான் இரண்டு தரம் படித்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முகத்தில் வந்தது குழப்பம்.

"அந்த ஜெபத்துல என்ன இருந்தது, தபி?" என்றார். "ஆறு மாசம் தினமும் போட்டேன். உன் சத்தம் மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருக்கு. நீ என்ன சொன்னேன்னு ஒரு வார்த்தை ஞாபகம் இல்ல."

அக்கா பேனாவை நோட்டின் மேல் வைத்தாள். பிளேயரின் திரை அழகாக எரிந்துகொண்டிருந்தது, ஒரு குறையும் இல்லாமல். மணி ஏழைத் தாண்டிவிட்டது, யாரும் பாட்டைத் தொடங்கவில்லை.

அத்தான் என் பக்கம் திரும்பினார். "பியூலா, நீ கேட்டிருக்கியே. உனக்காவது ஞாபகம் இருக்கா?"

அந்த நொடியில் எனக்கு முதல் வார்த்தையிலிருந்து கடைசி வரை எல்லாம் ஞாபகம் வந்தது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்றதும், அதற்கு நாங்கள் சேர்ந்து ஆமென் சொன்னதும்.

"இல்ல அத்தான்," என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து மூடி போட்டாள்.