மடியில் இரண்டு கைகள்

காபியை நீட்டியதும் பரமானந்தத்தின் இடது கை தோள் உயரத்துக்கு எழுந்து நிற்கும். "லா…" என்பார். அதற்கு மேல் வராது.

"தாஸ்," என்று எடுத்துக் கொடுப்பாள் மனைவி லீமா.

"ஆங், லா தாஸ். கோப்பை." நிம்மதியாக வாங்கிக்கொள்வார்.

வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் வட்டக்கானலில் விடுதி நடத்துகிறவர்கள், கார் ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் முப்பது வருடம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவர். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும், தமிழில் இல்லாத ஆர்ட்டிகிள்தான் அவர்களுக்குத் தகராறு. ஒன்று, விட்டுவிடுவார்கள், இல்லை, கண்ட இடத்தில் போடுவார்கள். அதற்காகவே ஒரு கைப்பாடம் வைத்திருந்தார். பிரெஞ்சில் ஆண்பாலான பொருளுக்கு வலது கை, "லெ". பெண்பாலுக்கு இடது கை, "லா". காபியோ சர்க்கரையோ கொஞ்சம் வேண்டுமென்றால் உப்பைக் கிள்ளுவதுபோல் விரல்கள். "ஆள் பேருக்கு ஒண்ணும் கெடையாது. ரெண்டு கையும் மடியில கெடக்கட்டும்."

"மேசை எப்பிடி சார் பொம்பளை ஆச்சு?" என்று வம்பிழுப்பான் டிரைவர் வேல்ராஜ்.

"ஏலே, எல்லார் பாரத்தையும் அதுதான தாங்குது!"

இரண்டு வருடமாக அவர் நினைவிலிருந்து சொற்கள் கழன்று போகின்றன. முன்னால் நின்ற லெ, லா மட்டும் மிஞ்சுகின்றன. ஜன்னலைப் பார்த்து இடது கை. பனிமூட்டத்தைப் பார்த்து வலது கை. அடுப்படியிலிருந்தே பாடம் கேட்டுப் பழகிய லீமா ஓடிவந்து மீதியைச் சொல்வாள். அவளுக்கு ஒரே பயம், தன் பெயரும் ஒருநாள் போய்விடுமோ என்று. விடிந்ததும் அவர் "லீமா" என்று கூப்பிடும்வரை படுக்கைப் பக்கம் போகமாட்டாள். இந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக் கொடுப்பதில்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து வேல்ராஜ் ரொட்டியோடு வந்தான். பழைய கேலியில் லீமாவைக் காட்டினான். "சார், இன்னிக்கு உங்களுக்குப் பரீட்சை. அக்கா யாருன்னு பிரெஞ்சுல சொல்லுங்க, வெரசா!"

"செ…", அதாவது 'இது…', என்று உற்சாகமாகத் தொடங்கியவர் நின்றுவிட்டார். வலது கை எழவில்லை. இடது கையும் எழவில்லை. அவளையே பார்த்தபடி இரண்டையும் மெல்ல மடியில் இறக்கி வைத்தார். கைப்பாடம் தப்பவில்லை. பெயர்தான் வரவில்லை.

வேல்ராஜின் சிரிப்பு அடங்கிப்போனது. "சார், லீ…"

"சும்மா இருலே," என்றாள் லீமா. "அவுகளுக்குத் தெரியும்."

முக்காலியை இழுத்து அவர் எதிரே உட்கார்ந்தாள். தன் கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டாள்.