என் வக்கீலை நான் விடவில்லை

பக்கத்து வீட்டுக்காரர் சந்தில் சுவர் எழுப்பியபோது எங்களுக்கு ஓர் ஆள் நுழைகிற இடம் விட்டார். நேராக அல்ல, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு. ராயப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு அது ஒன்றுதான் வழி. வாதம் வந்து கால் விழுந்துபோன என் மனைவியின் சக்கர நாற்காலி அதில் நுழையாது. ஆஸ்பத்திரி என்றால் இரண்டு பேர் அவளைப் போர்வையில் தூக்கிச் சாய்த்துக் கொண்டுபோக வேண்டும்.

வழக்குப் போட நான் தேடிப்போன வக்கீல், சின்ன வயதில், நான் அப்போது ஓட்டிய ஆட்டோவில் பள்ளிக்கூடம் போனவர். அந்த ஆட்டோவைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. மழை நாளில் லஸ் முனையில் தண்ணீர் நின்றால் மற்ற பிள்ளைகள் குஷியாகக் கத்துவார்கள். இவர் மட்டும் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மாமா, இன்ஜின் நின்னுடுமா?" என்று கேட்டுக்கொண்டே வருவார். கறுப்புக் கோட்டுப் போட்ட பிறகும் என்னை மாமா என்றுதான் கூப்பிட்டார்.

வழக்கு நன்றாகத்தான் போயிற்று. நடுவில் எதிராளி தன் வக்கீலை மாற்றினார். புதிதாக வந்தவர் என் வக்கீலுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த சீனியர்.

என் வக்கீல் தன் மயிலாப்பூர் ஆபீசுக்கு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "அவருக்கு எதிர்ல நின்னு நான் பேச முடியாது மாமா. விலகிக்கிறேன். கேஸ் கட்டு மொத்தமும் தந்துடறேன், வேற ஆள் பாருங்க."

"சட்டத்துல அப்டி கீதா?"

"சட்டம் இல்ல. நாங்க அப்டித்தான். அவர் வீட்டுல சாப்ட்டு வளந்தவன் நான்."

"என் வண்டியிலயுந்தான் வளந்த நைனா."

அவர் கேஸ் கட்டை என் பக்கம் தள்ளினார்.

வேறு வக்கீல்களிடம் போனேன். சீனியர் பெயரைக் கேட்டதும் டீ சொன்னார்கள். கட்டைப் பிரிக்கவில்லை.

கோர்ட்டில் நீதிபதி அம்மா என்னைக் கேட்டார். "உங்க வக்கீல் விலகறேங்கறார். சம்மதமா?"

"இல்லீங்கம்மா. அவரு போய்ட்டா எனக்கு யாருங்க கீறாங்க?"

வேறு ஆள் கிடைக்கும்வரை அவர் இருக்கட்டும் என்றார் அம்மா. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாய்தாவில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். சீனியர் மெதுவாகக் கேட்டார். "இன்னிக்குக் காலைல அந்தச் சந்து வழியாத்தான வந்தீங்க?"

"ஆமாங்க."

"அப்போ வழி இருக்கு."

நாற்காலியைப் பற்றி என் வக்கீல் இப்போது கேட்பார் என்று பார்த்தேன். பாதி எழுந்தார். சீனியர் திரும்பிப் பார்த்ததும், "கேள்வி இல்லை" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் சொன்னதும் மனைவி கேட்டாள். "அந்தப் புள்ளைய எதுக்குப் புட்ச்சு வச்சுகினு கீற?"

"அவனும் போய்ட்டா யாரு பேசுவா?"

"இப்ப இன்னாத்த பேசிக் கிழிச்சான்? சும்மா நிக்கறதுக்குத்தான் சுவரு ஒண்ணு கீதே."

காலையில் மயிலாப்பூருக்குப் போனேன். "நீ போய்க்கோ நைனா. நேத்து கேக்காம வுட்ட கேள்விய மட்டும் எனக்குச் சொல்லிக் குடு. நானே பேசிக்கிறேன்."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்திச் சொன்னார். "உங்களத் திரும்பக் கூண்டுல ஏத்தி விசாரிக்கணும்னு ஜட்ஜம்மாகிட்ட கேளுங்க. நாற்காலி எவ்ளோ அகலம், சந்து எவ்ளோ அகலம், ரெண்டையும் சொல்லுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க மாமா."

எழுதிக்கொள்ள எனக்கு எழுத்து வராது. பஸ்ஸில் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். ராயப்பேட்டை வருவதற்குள் பாதி மறந்துபோயிருந்தது.